ஒருமை என்றால் எத்தனை பேர்

தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று. பன்மைக்கு எதிர்ச்சொல். மலையாளத்தில் ‘ஒரும’ என்றால் ஒற்றுமை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலைக்கு வந்தபோது, இரண்டு மொழியும் கலந்த தோட்டத்துப் பேச்சிலிருந்து அந்தப் பெயர் வந்தது. திருக்குறளில் பெருமை அதிகாரத்தில் இதே ஒருமை என்ற சொல் மகளிரோடு சேர்ந்து வருகிறது. மனம் இரு வழியாகப் பிரியாமல் கற்பைக் காக்கும் பெண்கள் என்று உரைகாரர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். பெண்ணுக்கு ஒருமை என்றால் ஒருவனையே நினைத்திருப்பது என்று பல நூற்றாண்டுகளாகப் பாடம் நடத்திய மொழியில், அதே சொல் ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருப்பதைக் குறித்தது. தமிழ் படித்தவள் என்ற முறையில் இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் முந்தைய ஆண்டு 19 சதவீதம் போனஸ் கொடுத்திருந்தது. 2015இல் லாபம் குறைந்துவிட்டது, 10 சதவீதம்தான் என்றது. தொழிற்சங்கங்கள் வழக்கம்போல் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தன. பெண்கள் சங்கங்களைக் கேட்காமல் வேலையை நிறுத்தினார்கள். 20 சதவீதம் போனஸ், நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 500 ரூபாய் என்பவை முதன்மைக் கோரிக்கைகள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையும் தொகுதி எம்.எல்.ஏ.வையும் விரட்டினார்கள். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 13 இரவு, முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் எர்ணாகுளத்தில் நடந்த பேச்சில் 20 சதவீதத்துக்கு உடன்பாடு வந்தது.

அந்த ஒன்பது நாளும் வெளியே இருந்தவர்கள் கேட்ட கேள்வி, இதற்குப் பின்னால் யார் என்பது. பெண்கள் கூட்டமாக ஒரு முடிவுக்கு வந்தால் அதை எழுதிக் கொடுத்த ஆண் ஒருவன் எங்கோ இருக்க வேண்டும் என்று நம்புவது நம் பொதுவாழ்வின் பழைய பழக்கம். பல எஸ்டேட்டுகளில் சிதறிக் கிடப்பவர்கள், அலுவலகமோ சுற்றறிக்கையோ தலைவரோ இல்லாதவர்கள், இத்தனை விரைவில் ஒரே முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் அந்த மலையின் நூற்றாண்டுக் கதையில் இருக்கிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஃபின்லே நிறுவனம் வந்தது. ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களைப் போடிநாயக்கனூர் வழியாக மலை ஏற்றினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் நிலமில்லாதவர்கள். மலையில் அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்தன. இந்தக் குடும்பங்கள் இடம் மாறாமலே மொழிச் சிறுபான்மை ஆயின. தமிழ்நாட்டில் அந்தத் தாலுகாக்களை இழந்ததைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். அங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

1958இல் மூணாறில் நடந்த தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் இறந்தவர்களில் பாப்பம்மாள் என்ற பெண் தொழிலாளியும் ஒருவர். அப்போது கேரளத்தில் இருந்தது முதல் கம்யூனிஸ்ட் அரசு. ஆகவே 2015இல் பெண்கள் முதன்முறையாகச் சாலைக்கு வந்தார்கள் என்று எழுதியதெல்லாம் சரியல்ல. போராட்டத்தில் பெண்கள் எப்போதும் இருந்தார்கள். கையெழுத்துப் போடும் மேசையில்தான் இல்லை.

இனி வேலை. தேயிலைக் காட்டில் பெண்கள் நிரை பிடித்து வேலை செய்கிறார்கள். பக்கத்து நிரையில் யார், அவள் கை எவ்வளவு வேகம், இன்று ஏன் தளர்ந்திருக்கிறாள் என்பது ஒவ்வொருத்திக்கும் தெரியும். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்த பிறகும் எடை போடும் இடம் மாறவில்லை. நாளுக்குச் சில முறை எல்லோரும் மூட்டையோடு தராசின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தியின் எடையை மற்றவர்களின் காதில் விழும்படி கூப்பிடுகிறார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதும் எல்லோர் கண்ணெதிரே நடப்பதுதான். அலுவலகங்களில் பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் என்னவென்று தெரியாமலே ஓய்வு பெறுபவர்கள் உண்டு. தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை. 2015இல் நாள்கூலி 232 ரூபாயாக இருந்தது, அதற்கு 21 கிலோ கிள்ள வேண்டியிருந்தது, அதற்கு மேல் கிள்ளிய கிலோவுக்குச் சில்லறை. இந்தக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்திருந்தது.

வேலை முடிந்து போகும் இடமும் ஒன்றுதான். லயத்தில் சுவர் பொது. எந்த வீட்டில் பிள்ளையின் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை, எந்த வீட்டில் வட்டி ஏறுகிறது என்பது மறைந்திருக்க வழியில்லை. அந்த அறையும் வேலையோடு கட்டப்பட்டது. 58 வயதில் ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லாவிட்டால், காலி செய்ய வேண்டும். அம்மாவின் கூடையை மகளோ மருமகளோ எடுத்துக்கொள்வதற்குப் பின்னால் இருப்பது பாரம்பரியப் பெருமை இல்லை, கூரை. (2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தபோதுதான் அந்த அறைகளில் எத்தனை பேர் நெருக்கி வாழ்ந்தார்கள் என்பதை வெளியுலகம் எண்ணிப் பார்த்தது.) போனஸ் என்பது இந்தக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கையில் வரும் பணம். வாங்கிய கடனெல்லாம் அதை நம்பி வாங்கியவை. 19 என்பது 10 ஆனது என்றால் ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் ஒரே கணக்கு ஒரே மாலையில் பிழைத்துப்போகிறது.

ஆகவே அவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. பேசவேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே பேசப்பட்டிருந்தது. ஒரே தகவல், ஒரே கணக்கு, ஒரே பயம் எல்லோரிடமும் முன்பே இருந்தது. மீதமிருந்தது, என்றைக்கு என்பது மட்டும்.

இதை ஒற்றுமை என்று சொல்லும்போது ஒரு தவறான படம் வந்துவிடக் கூடாது. அவர்கள் எல்லோரும் ஒரே கருத்து உடையவர்கள் அல்லர். ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று பிரிந்து சந்தா கட்டியவர்கள். தேர்தலில் எதிரெதிர்க் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், வெவ்வேறு சாதியினர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது நிலைமையைப் பற்றிய அறிவு. கருத்து வேறு, அறிவு வேறு. பெண்கள் ஒன்றுசேர வேண்டுமென்றால் முதலில் எல்லோரும் ஒரே மாதிரி சிந்திக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக் கலைந்துபோன பல பெண்கள் குழுக்களை நாம் பார்த்திருக்கிறோம். மூணாறுப் பெண்கள் அந்த வேலையில் இறங்கவே இல்லை.

இதே தோட்டத்தில் ‘பகிர்ந்துகொள்ளுதல்’ என்பது காகிதத்திலும் இருந்தது என்பது இந்தக் கதையின் மிக விசித்திரமான பகுதி. 2005இல் டாடா டீ தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகி, புதிய நிறுவனம் உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர்கள், ஊழியர்கள் பெயரில், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பிரிந்து கிடந்தன. டாடா நிறுவனம் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தொழிலாளர்களே முதலாளிகள், பங்கேற்பு நிர்வாகம் என்று நிர்வாகவியல் வட்டாரங்களில் இந்த மாதிரி பாராட்டப்பட்டது. சட்டப்படி பார்த்தால் 2015இல் சாலையை மறித்த பெண்கள் தங்கள் சொந்த நிறுவனத்தை எதிர்த்துத்தான் மறித்தார்கள். பங்குச் சான்றிதழ் அவர்களிடம் இருந்தது. லாபம் ஏன் குறைந்தது என்ற விளக்கம் அவர்களுக்குப் புரியும்படி, அவர்கள் நம்பும்படி, யாராலும் சொல்லப்படவில்லை. தராசுக் கணக்கை எல்லோரும் பார்க்கலாம். நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத கணக்கின் மேல் எடுத்த முடிவைப் பங்குதாரர் என்பதால் மட்டும் ஒருத்தி ஏற்றுக்கொண்டுவிடுவாளா?

சங்கங்கள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் சங்கத் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். கொழுந்து கிள்ளுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். தலைவர்கள் நிர்வாகத்திடமிருந்து வீடும் சலுகையும் பெற்றவர்கள் என்று பெண்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டு ஒவ்வொருவர் விஷயத்திலும் எவ்வளவு உண்மை என்பது வேறு விசாரணை. ஆனால் எடைபோடும் வரிசையில் ஒருநாளும் நிற்காத ஒருவர் அந்த வரிசைக்காகப் பேச முடியும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. ஆண் தொழிலாளர்களையும் பெண்கள் ஓரத்தில் நிறுத்தினார்கள். கணவன்மார் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

மேரி பார்க்கர் ஃபாலெட்டை இங்கே நினைவுகூர வேண்டும். 1868இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சமூக மையங்கள் நடத்தி, பிறகு வேலையிடங்களில் மனிதர்கள் எப்படி உடன்பாட்டுக்கு வருகிறார்கள் என்று யோசித்தவர். நிர்வாகவியலின் தொடக்ககாலச் சிந்தனையாளர்களில் ஒருவர். 1933இல் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் அவரை மறந்திருந்தார்கள். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 1925இல் ஓர் உரையில் அவர் சொன்ன ஜன்னல் கதை பிரபலம். நூலகத்துச் சிறிய அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வேண்டும், இவருக்கு வாடைக்காற்று நேராக மேலே படக் கூடாது. இருவருக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்பது வெளியே வந்தவுடன் யாரும் விட்டுக்கொடுக்காமலே முடிவு வந்துவிட்டது. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதை ஃபாலெட் தீர்வாக மதிப்பதில்லை. ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் அதிகாரத்தையும், சேர்ந்து உண்டாக்கும் அதிகாரத்தையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். நம் பெண்ணிய எழுத்தில் இன்று சாதாரணமாகப் புழங்கும் பாகுபாடு அது.

செப்டம்பர் 13 உடன்பாட்டை இந்தக் கதையோடு வைத்துப் பார்த்திருக்கிறேன். முடிவு 20 சதவீதம். ஆனால் எழுதிய விதம் வேறு: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. 8.33 என்பது அன்று நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்சம். நிறுவனம் போனஸை உயர்த்தவில்லை, 10 என்றதிலிருந்து இறக்கியே விட்டது என்று தன் ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். பெண்களின் கைக்கு 20 வந்தது. அவர்களுடைய பிரதிநிதிகள் எர்ணாகுளத்தில் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் மூணாறில் சாலையை விட்டு எழவில்லை. 91 வயது வி.எஸ். அச்சுதானந்தன் அன்று அவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். எண் வந்தது. அது 20தானா என்று கேட்டார்கள். ஆம் என்றதும் கொண்டாடினார்கள். கருணைத் தொகை என்ற சொல் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது. உழைப்புக்கு வந்த பணத்தைக் கருணை என்று எழுதியதில் ஏட்டை வைத்திருப்பவரின் கை தெரிகிறது. ஆனால் உறுத்தல் என் வசதி, கடன் அவர்களுடையது.

அடுத்து வந்த கூலிக் கோரிக்கையில்தான் ஃபாலெட்டின் ஜன்னல் கதை போதாமல் போகிறது. அந்தக் கதையில் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். கேரளத்தில் தோட்டக் கூலியை முடிவு செய்வது அரசு, உரிமையாளர்கள், சங்கங்கள் சேர்ந்த முத்தரப்புத் தோட்டத் தொழிலாளர் குழு. பெம்பிளை ஒருமை அதில் உறுப்பு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லையே. ஃபாலெட் தாமே மாசசூசெட்ஸின் குறைந்தபட்சக் கூலி வாரியத்தில் இருந்தவர். மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருடைய கதையில் அறைக்குள் வர அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை.

போனஸ் ஒரு நிறுவனத்தின் விவகாரம். கூலி மாநிலம் முழுவதும், தேயிலை, ஏலம், ரப்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவாவது. மூணாறுப் பெண்களுக்கு இருந்த பொது அறிவு மூணாறு வரைக்கும்தான் எட்டும். ரப்பர் வெட்டுபவரின் நாள் எப்படிப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவருக்கு இவர்களுடையதும் அப்படித்தான். செப்டம்பரில் வெட்கப்பட்ட சங்கங்கள் இப்போது மாநிலம் தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்து முன்னால் வந்தன. பெண்கள் தனியாகவும் உட்கார்ந்தார்கள். ஒரே சாலையில் இரண்டு போராட்டம்.

அதற்குள் உள்ளேயும் விரிசல். லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோரின் பெயர்கள் தொலைக்காட்சியில் தினம் வந்தன. யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் அவர்களை மறுக்கவுமில்லை. ஒலிவாங்கி யார் முன்னால் நீட்டப்பட்டதோ அவர் தலைவர் ஆனார். அமெரிக்கப் பெண்ணியரான ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் பெண்கள் குழுக்களைப் பற்றி இதைத்தான் எச்சரித்தார்: அமைப்பு இல்லை என்று சொல்லும் குழுவில் அமைப்பு இல்லாமல் இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. தெரியாததைக் கேள்வி கேட்க முடியாது. செப்டம்பரில் அமைப்பு தேவைப்படவில்லை, கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். சங்கமாகப் பதிவதா, தேர்தலில் நிற்பதா, எந்தக் கட்சியோடு பேசுவது என்ற கேள்விகளுக்கு எடைத்தராசு பதில் சொல்லாது. அவற்றுக்கு வேறு வகைப் பேச்சு வேண்டும், நேரம் வேண்டும், கருத்து வேறுபட்டவளைத் துரோகி என்று சொல்லாமல் கேட்கும் பழக்கம் வேண்டும். பகல் முழுதும் காட்டிலும் இரவில் அடுப்படியிலும் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள். கோமதி தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்கு வென்றார். மூணாறு ஊராட்சியிலும் இடம் கிடைத்தது. பிறகு தலைவர்கள் பிரிந்தார்கள். பெண்கள் என்றால் சண்டைதான் என்று சிரித்தவர்களில் பலர் நாலாகவும் ஐந்தாகவும் உடைந்த கட்சிகளில் இருந்தவர்கள்.

வகுப்பில் இந்தப் போராட்டத்தைப் பேசும்போது மாணவிகள் எப்போதும் கேட்பது, கடைசியில் வென்றார்களா தோற்றார்களா என்று. 2015 அக்டோபர் 14இல் முத்தரப்புக் குழு அறிவித்த எண்களை நான் கரும்பலகையில் எழுதிவிடுவேன். தேயிலைக்கு நாள்கூலி 232லிருந்து 301. கேட்டது 500. கூடவே இன்னொரு வரி: ஒருநாள் கிள்ளவேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ. பெம்பிளை ஒருமை முதலில் ஏற்க மறுத்தது, பிறகு வேலைக்குத் திரும்பியது. கூலி ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று செய்தி வந்தது. வகுத்துப் பார்த்தால், முன்பு கிலோவுக்கு 11 ரூபாய் 5 பைசா, இப்போது 12 ரூபாய் 4 பைசா. கிலோக் கணக்கில் கூடியது 9 சதவீதம். மாணவிகள் கைப்பேசியில் வகுத்துச் சரிபார்க்கிறார்கள். அந்த நான்கு கிலோவின் கனம் தெரிந்தவர்கள் யாரும் அன்று அந்த மேசையில் இல்லை.